விரால் குஞ்சு எங்கே வாங்குவது? முதலில் மறுகாலைப் பாருங்கள்

ஐப்பசி மழை பிடித்துக் குளம் பெருக ஆரம்பித்தால் திருநெல்வேலிப் பக்கம் மீன்பாசி ஏலம் எடுத்தவர்களும், தோட்டத்து மூலையில் பண்ணைக்குட்டை வெட்டிப் போட்டிருப்பவர்களும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: விரால் விடலாம் என்று இருக்கிறேன், குஞ்சு எங்கே வாங்கட்டும்? கட்லா, ரோகு என்றால் இவ்வளவு யோசனை கிடையாது, கிடைக்கிற பண்ணையில் வாங்கி விட்டுவிடுவார்கள். விராலில் மட்டும் ஆளுக்கு ஒரு பேச்சு. சொந்தக் குளத்துக் குஞ்சுதான் தாங்கும் என்பார் ஒருவர். ஆந்திரா குஞ்சு தீவனத்துக்குப் பழகியே வருகிறது, அதை விட்டுக் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்பார் இன்னொருவர். யூடியூப்பைப் பார்த்துவிட்டு வியட்நாம் விரால்தான் வேண்டும் என்று நிற்பவரும் உண்டு. நம்ம ஊர்த் தாய்மீனை வைத்து நாமே பொரிக்கவைப்பது என்று நாலாவதாக ஒரு வழி இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

என் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் தண்ணீர் வெளியே போகுமா போகாதா என்பதுதான் முதல் கேள்வி. குளம் நிறைந்து மிச்சத் தண்ணீர் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்கும், அங்கிருந்து ஓடைக்கும் ஆற்றுக்கும் போகிறதென்றால் ஒரு பதில். நாலு பக்கமும் கரை உயர்த்தி, மேலே வலை கட்டிய குட்டை என்றால் வேறு பதில். இரண்டாவது கேள்வி, அந்தக் குஞ்சுகள் எத்தனை ஜோடித் தாய்மீனுக்குப் பிறந்தவை என்பது. நிறம், தலை, நீளம் எல்லாம் இதற்கெல்லாம் ரொம்பப் பின்னால் வரவேண்டியவை. ஆனால் நம்ம ஆட்கள் ஆரம்பிப்பதே அங்கிருந்துதான்.

குஞ்சு விற்கிற வண்டி பக்கம் கொஞ்ச நேரம் நின்றால் போதும். "அண்ணாச்சி, இது ஆத்து விரால் ஜாதி, நல்லா நீளமா வரும், பாத்துக்கிடுங்க" என்பார் கொண்டுவந்தவர். "எதுக்குவே கதை விடுதீரு, அடிவயிறு மஞ்சளா கெடக்கு, இது வயக்காட்டு உருப்படில்லா" என்பார் வாங்க வந்தவர். இரண்டு பேரும் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள், அதில் பொய்யில்லை. ஆற்றில் பிடிக்கிற விரால் கொஞ்சம் ஒடிசலாகவும், பாசி மண்டிய குளத்தில் பிடிக்கிறது கருத்துக் கட்டையாகவும், வயல் வாய்க்காலில் அகப்படுகிறது வெளிறிப்போயும் இருப்பதை மீன் அறுக்கிற யாரும் பார்த்திருப்பார்கள். அந்த வித்தியாசம் இரத்தத்தில் வந்ததா, தண்ணீரில் வந்ததா என்பதுதான் விஷயம்.

நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மீன் தோலில் கறுப்பு நிறமிச் செல்கள் இருக்கின்றன. சுற்றுப்புறம் இருட்டாக இருந்தால் அவற்றுக்குள் இருக்கும் நிறமி பரவும், வெளிச்சமாக இருந்தால் ஒடுங்கும், நாள்பட ஒரே மாதிரிச் சூழலில் கிடந்தால் செல்களின் எண்ணிக்கையே கூடவோ குறையவோ செய்யும். அமலைச் செடி மூடிய குளத்தில் பிடித்த கருவிராலை வெளிர்நிறத் தொட்டியில் போட்டு வைத்தால் சில நாளில் வெளுத்துவிடும். ஜாதி மாறிவிட்டதா என்ன? தலை பெரிசாக இருக்கிறது, அதனால் இது வளராத ரகம் என்கிற பேச்சும் இதே கணக்குத்தான். பட்டினி கிடந்த மீனுக்கு உடம்பு வற்றும், தலை எலும்பு வற்றாது. சந்தேகமிருந்தால் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள்: கிராம் எடையை 100-ஆல் பெருக்கி, செ.மீ. நீளத்தை மூன்று தடவை போட்டுப் பெருக்கி (30×30×30 என்கிற மாதிரி) வருகிற எண்ணால் வகுக்க வேண்டும். 30 செ.மீ. மீன் 250 கிராம் இருந்தால் 0.93 வரும். அதே நீளத்து மீன் 190 கிராம்தான் என்றால் 0.70. இரண்டாவது மீனைப் பார்க்கிறவர் தலை பெருத்த ரகம் என்பார். இரை கிடைக்காத மீன், அவ்வளவுதான்.

உடம்பின் அமைப்பே தண்ணீரைப் பொறுத்து மாறும் என்பதற்கு ஸ்வீடனில் 1990-களின் தொடக்கத்தில் காட்டிய ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். குரூசியன் கெண்டை என்று ஒரு கெண்டை, அது இருக்கிற குளத்தில் பைக் என்கிற கொன்றுதின்னி மீனை விட்டால், கெண்டையின் உடம்பு உயரமாகிவிடுகிறது, வாய்க்குள் அடங்காதபடி. அதே கெண்டை பைக் இல்லாத குளத்தில் மெலிந்த உடம்போடு வளர்கிறது. ஒரே வம்சம், இரண்டு உருவம். இதைப் படித்தபிறகு மீனின் உருவத்தை வைத்து வம்சம் சொல்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைந்துவிட்டது.

துடுப்புக் கதிர்களை எண்ணுவது கொஞ்சம் பரவாயில்லை. ஈரச் சாக்கில் விராலைக் கிடத்தி, முதுகுத் துடுப்பைத் தீக்குச்சியால் நிமிர்த்தி, தலைப்பக்கத்திலிருந்து வால்வரை ஒவ்வொரு கதிராக எண்ணிப் பாருங்கள், பொதுவாக 38 முதல் 43 வரை வரும். கீழே குதத் துடுப்பில் 23 முதல் 27 வரை. இந்த எண்ணிக்கை மீன் குஞ்சாக உருவாகும்போதே முடிவாகிவிடும், அப்புறம் தின்றாலும் பட்டினி கிடந்தாலும் மாறாது, அதனால்தான் மீன் ஆராய்ச்சிக்காரர்கள் காலங்காலமாக இதை எண்ணி எண்ணி எழுதிவைக்கிறார்கள். ஆனால் கரு வளர்கிற நாட்களில் தண்ணீரின் சூடு எவ்வளவு என்பதைப் பொறுத்து மீன்களில் இந்த எண்ணிக்கை ஒன்றிரண்டு கூடும் குறையும். கார் பருவத்துத் தண்ணீரில் பொரித்ததும் மார்கழிக் குளிரில் பொரித்ததும் ஒரே தாய்க்குப் பிறந்திருந்தாலும் அச்சாக ஒன்றுபோல இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. கல்லூரிகளில் தலை முனை, துடுப்பு அடி, வால் மூட்டு என்று உடம்பில் புள்ளிகள் குறித்து, அவற்றுக்கிடையே வலைப்பின்னல் போல அளந்து, மீனின் பருமனால் வருகிற வித்தியாசத்தைக் கணக்கில் கழித்துவிட்டு இரண்டு ஆற்று மீன்களை ஒப்பிடுவார்கள். நல்ல முறை. ஆனாலும் அது காட்டுவது வித்தியாசம் இருக்கிறது என்பதை மட்டும்தான், எதனால் வந்தது என்பதை அல்ல.

சரி, அப்படியென்றால் ஊருக்கு ஊர் விரால் எல்லாம் ஒன்றுதானா? அதுவும் இல்லை. ஆறுகள் பிரிந்து கிடந்தால் மீன்களும் பிரியும். நம்ம தாமிரபரணியிலேயே உதாரணம் இருக்கிறது. ஆணின் முதுகுத் துடுப்பு நூல்நூலாக நீண்டு தொங்குகிற ஒரு அழகான கெண்டையை இ.ஜி.சைலஸ் 1950-களில் ஆற்றின் பெயரைச் சேர்த்து விவரித்தார், அப்போது அருலியஸ் கெண்டையின் துணையினம் என்று வைத்தார். இன்று அது டாக்கின்சியா தம்ப்ரபர்ணியை என்று தனி இனம், வேறெங்கும் இல்லாத தாமிரபரணிச் சொத்து. பெரிய விரால் வகையிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது: மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்தில் சன்னா மருலியஸ் என்றே சொல்லிவந்த மீன் தனி இனம்தான் என்று 2017-ல் நிலைநாட்டி, சன்னா சூடோமருலியஸ் என்ற பழைய பெயரை மீட்டுக் கொடுத்தார்கள். நாம் பேசுகிற சாதாரண விராலிலேயே குரோமோசோம் எண்ணிக்கை இந்தியாவில் 40 என்றும் தாய்லாந்துப் பக்கம் 42, 44 என்றும் பதிவாகியிருக்கிறது. பெயர் ஒன்று என்பதால் உள்ளேயும் ஒன்று என்று எடுத்துக்கொள்ள முடியாது.

விராலுக்கு ஒரு தனிக்குணம் உண்டு, அது காற்றைச் சுவாசிக்கிற மீன். மழை இரவில் வரப்பைத் தாண்டி அடுத்த வயலுக்குப் போய்விடும். மறுகாலில் இறங்கும், கால்வாயில் ஏறும். அதனால் கன்னடியன் கால்வாயிலோ கோடகன் கால்வாயிலோ வரிசையாக இருக்கிற குளங்களுக்குள் விரால் ஒன்றோடொன்று கலந்துகொண்டேதான் இருக்கும், நடுவில் பெரிய சுவர் எதுவும் இல்லை. சுவர் இருப்பது ஆற்றுப் படுகைகளுக்கு நடுவே: தாமிரபரணி, நம்பியாறு, கருமேனியாறு, மலைக்கு அந்தப் பக்கம் கல்லடையாறு. அந்தச் சுவர்களில்கூட நாமே ஓட்டை போட்டிருக்கிறோம். மணிமுத்தாறு பிரதானக் கால்வாய் நாங்குநேரி, திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்து வறண்ட குளங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. 2009-ல் வேலை தொடங்கிய வெள்ளநீர்க் கால்வாய் கன்னடியன் கால்வாயிலிருந்து எம்.எல்.தேரி வரை போகிறது, தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு மூன்றையும் இணைப்பதற்கென்றே வெட்டியது. விவசாயத்துக்கு நல்லது, நான் குறை சொல்லவில்லை. மீனுக்கும் அது பாதைதான் என்பதை மட்டும் மறந்துவிடக்கூடாது.

எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. மானாவாரிக் குளங்கள் கோடையில் வற்றிப்போய், மடை ஓரத்துப் பள்ளத்திலும் சேற்றுக்குள்ளும் நாலைந்து விரால்தான் உயிரோடு கிடக்கும். அடுத்த மழைக்குக் குளம் பெருகியதும் அந்த நாலைந்தின் பிள்ளைகள்தான் குளம் முழுக்க. இப்படி இரண்டு மூன்று வறட்சி அடுத்தடுத்து வந்தால், குளம் நிறைய மீன் இருந்தாலும் வம்சம் குறுகிப்போயிருக்கும். அடுத்த குளத்திலிருந்து மறுகால் வழியாக நாலு மீன் வந்து சேர்ந்தால்தான் அது சரியாகும். ஆக, எங்க குளத்து விரால் தனி ஜாதி என்று பெருமை பேசுகிறவர், அந்தத் தனித்தன்மை தகுதியால் வந்ததா, வறட்சியில் தப்பிய நாலு மீனின் தற்செயலால் வந்ததா என்று ஒருமுறை யோசித்துக்கொள்வது நல்லது.

இனி வழிகளுக்கு வருவோம்.

குளத்துக் குஞ்சு. மழைக்காலத்தில் கரையோரம் கோரைக்குள் சிவப்பாகக் கொதிக்கிற மாதிரி ஒரு கூட்டம் தெரியும், காற்றுக் குடிக்க மேலே வந்து வந்து போகும், அந்த இடத்தில் மட்டும் தூறல் விழுவது போல. கீழே தாயோ தகப்பனோ நிற்கும், கையை நீட்டினால் அடித்துவிடும். பையன்கள் கொசுவலையை விரித்து ஒரே வாரில் ஆயிரக்கணக்கில் எடுத்துவிடுவார்கள், செலவே இல்லை. உள்ளூர் மீன், உள்ளூர்த் தண்ணீர், நோய் இறக்குமதி கிடையாது, இதெல்லாம் வாஸ்தவம். ஆனால் பலர் கவனிக்காத ஒன்று: அந்தக் கூட்டம் முழுக்க ஒரே ஜோடியின் பிள்ளைகள். அண்ணன் தங்கச்சி. சாப்பாட்டு மீனாக வளர்த்து விற்றுவிட்டால் பாதகமில்லை. அதிலிருந்தே தாய்மீன் ஒதுக்கி அடுத்த வருஷம் குஞ்சு எடுக்கலாம் என்று நினைத்தால், முதல் தலைமுறையிலேயே உட்கலப்பு, அதாவது நெருங்கிய சொந்தத்துக்குள் சேர்வதால் வருகிற கலப்பு, 25 சதவீதம். காட்டுமீன் என்றாலே வளமான வம்சம் என்று நினைப்பது இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. இது வேண்டுமென்றால் பல கூட்டங்களிலிருந்து, பல குளங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும், ஒரு கூட்டத்தை முழுசாக வாரிக்கொண்டு வரக்கூடாது, தாயைப் பிடிக்கவே கூடாது, தாய் போனால் மிச்சக் குஞ்சு கெளுத்திக்கும் கொக்குக்கும்தான்.

இன்னும் ஒரு தொல்லை, குஞ்சில் விரால் வகையிலேயே சின்ன மீனான குறவை கலந்துவிடும். சின்னதில் பார்வைக்குச் சட்டென்று பிரிக்க முடியாது, வியாபாரியும் பிரிக்கமாட்டார். குறவை ஒரு சாண் வளர்ந்தாலே அதிகம். ஆறு மாதம் தீனி போட்டபிறகுதான் தெரியும். அப்புறம் காட்டுக்குஞ்சு மிதவைத் தீவனத்தை லேசில் தொடாது, புழுவும் சின்ன மீனும் போட்டுப் படிப்படியாகப் பழக்கவேண்டும், அதற்குள் பெரியது சின்னதைத் தின்றிருக்கும்.

ஆந்திரா குஞ்சின் பலம் அங்கேதான். ஹேட்சரியிலேயே தீவனத்துக்குப் பழக்கி, அளவு பிரித்து அனுப்புகிறார்கள், பத்து நாளைக்கு ஒருதரம் நீங்களும் அளவு பிரித்துப் போட்டால் ஒன்றையொன்று தின்பது குறையும். தெலுங்கு நாட்டில் விராலுக்குக் கொர்ரமீனு என்று பேர், அதற்கு அங்கே இருக்கிற மவுசே தனி, அதனால் வளர்ப்பில் கைதேர்ந்தவர்கள். மூடிய குட்டைக்கு, பயோபிளாக் தொட்டிக்கு, விற்றுக் காசாக்குவது மட்டுமே நோக்கம் என்றால் இது நல்ல தேர்வுதான், நான் தடுக்கமாட்டேன். ஆனால் எந்த ஆற்றுத் தாய்மீன், எத்தனை ஜோடி, எத்தனை தலைமுறையாக உள்ளேயே வைத்து எடுக்கிறார்கள் என்று கேட்டால் இங்கே கொண்டுவந்து விற்கிறவரிடம் பதில் இருக்காது. நோயும் சேர்ந்து வரலாம். விராலுக்குப் பெரிய எமன் புண்நோய், அபனோமைசிஸ் என்கிற நீர்ப்பூஞ்சணத்தால் வருவது, 1988-ல்தான் இந்தியாவுக்குள் வந்தது, குளிர் மாதங்களில் உடம்பில் சிவந்த புள்ளியாக ஆரம்பித்துச் சதையைக் குடைந்துவிடும். வெளியூர்க் குஞ்சைத் தனித்தொட்டியில் வைத்துப் பார்க்காமல் நேரே குளத்தில் கொட்டுகிறவர், தன் குளத்துக்கு மட்டுமல்ல, மறுகாலுக்குக் கீழே இருக்கிற அத்தனை பேர் குளத்துக்கும் சேர்த்துத்தான் முடிவு எடுக்கிறார்.

வியட்நாம் விரால் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். வெளிநாட்டு மீனை முறையாகக் கொண்டுவர மத்திய அரசின் அனுமதி வேண்டும், அந்தப் பேரில் பாலிதீன் பையில் வருவது உண்மையில் என்ன, எந்த வழியில் வந்தது என்று விற்கிறவர் காகிதம் காட்டினால் பார்ப்போம். ஆப்பிரிக்கக் கெளுத்தியும் இப்படித்தான் நல்லா வளரும் என்று சொல்லித்தான் வந்தது. இன்றைக்குத் தடைசெய்த மீன், ஆனால் ஆற்றில் வலை போட்டால் வருகிறது.

நாலாவது வழி, உள்ளூர்த் தாய்மீனை வைத்துப் பொரிப்பது, கேட்கப் பெரிய வேலையாகத் தெரியும். ஆனால் இதற்கான வித்தை நம்ம ஊரிலேயே வளர்ந்ததுதான். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆய்வு மையத்தில் எம்.ஏ.ஹனிபாவும் அவரது மாணவர்களும் விரால், குறவை வகைகளை ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிட வைப்பது, குஞ்சு வளர்ப்பது, வெவ்வேறு ஆற்று மீன்களின் மரபணு வேற்றுமையைப் பார்ப்பது என்று வருஷக்கணக்கில் வேலை செய்திருக்கிறார்கள். ஓவாப்ரிம் மாதிரி ஒரு ஊசி, ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடியை நீர்ச்செடி போட்ட தொட்டியில் தனியாக விடுவது, மேலே வலை கட்டுவது, இல்லையென்றால் துள்ளி வெளியே விழுந்து கிடக்கும். முட்டை எண்ணெய்த்துளியோடு மிதக்கும், ஒன்றரை நாளுக்குள் பொரித்துவிடும். முதல் வாரங்களில் உயிர்த்தீனி கொடுத்து வளர்ப்பதுதான் கஷ்டம், பாதிப்பேர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

இதில் கணக்கு முக்கியம். வம்சத்தில் இருக்கிற மரபணு வேற்றுமை தலைமுறைக்கு எவ்வளவு குறையும் என்பது, முட்டையிட்ட தாய்தகப்பன் எத்தனை என்பதைப் பொறுத்தது. ஒன்றை அந்த எண்ணின் இரண்டு மடங்கால் வகுத்தால் போதும். 10 ஜோடி, அதாவது 20 மீன் என்றால், தலைமுறைக்கு 2.5 சதவீதம் போகும். 25 ஜோடி என்றால் 1 சதவீதம். ஆனால் 10 ஜோடிக்கு ஊசி போட்டு 3 ஜோடி மட்டும் முட்டையிட்டு, அந்த 3 ஜோடிக் குஞ்சையே அடுத்த தாய்மீனாக வைத்தீர்களென்றால் 8 சதவீதத்துக்கு மேல் ஒரே வருஷத்தில் போய்விடும், வைத்திருந்த 10 ஜோடிக்கு அங்கே மதிப்பே இல்லை. ஹேட்சரிக்காரர்கள் காட்டுகிற தாய்மீன் தொட்டியைப் பார்த்து மயங்காமல், போன பருவத்தில் எத்தனை ஜோடி முட்டையிட்டது என்று கேட்கச் சொல்வது இதனால்தான். ஒரே படுகைக்குள் பல குளங்களிலிருந்து தாய்மீன் சேர்க்க வேண்டும், பாபநாசம் பக்கம் கொஞ்சம், சேரன்மகாதேவி பக்கம் கொஞ்சம், மருதூர் அணைக்குக் கீழே கொஞ்சம், சிற்றாற்றுக் குளமான மானூர்ப் பக்கமும் கொஞ்சம், அத்தனையும் தாமிரபரணித் தண்ணீர்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை குளத்திலிருந்து புது இரத்தம் சேர்த்தால் போதும். ஒரு ஆள் தனியாகச் செய்ய முடியாது, நாலைந்து குத்தகைக்காரர்களும் ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கமும் சேர்ந்தால் முடியும்.

இங்கே ஒருவர் குறுக்கே கேட்பார்: உள்ளூர் உள்ளூர் என்கிறீரே, தேர்வு செய்து எடுத்த ரகம்தானே நல்லா வளரும்? நியாயமான கேள்வி. ஜயந்தி ரோகு அப்படி வந்ததுதான், கங்கை, யமுனை, கோமதி, சட்லஜ், பிரம்மபுத்திரா என்று ஐந்து ஆற்று ரோகுவையும் பண்ணை ரோகுவையும் சேர்த்து, தலைமுறை தலைமுறையாக வேகமாக வளர்வதைத் தேர்ந்தெடுத்து, தலைமுறைக்குச் சராசரியாக 17 சதவீதம் வளர்ச்சியைக் கூட்டினார்கள். கிப்ட் திலாப்பியாவும் 1988-ல் ஆப்பிரிக்கக் காட்டு வகைகள் நாலையும் ஆசியப் பண்ணை வகைகள் நாலையும் சேர்த்துத் தொடங்கியதுதான். இரண்டிலும் பாருங்கள், ஆரம்பமே பல இடத்து வேற்றுமையைச் சேர்த்து வைத்ததில்தான். அந்த மூலதனம் ஆற்றில் இருந்ததால்தான் அவர்களால் எடுக்க முடிந்தது. ஜயந்தி என்று பேர் சொல்லி வாங்குகிற மாதிரி விராலில் இன்றைக்கு நம்ம குஞ்சு வியாபாரிகளிடம் ஒன்றும் கிடையாது, ஆந்திரா என்பது ஊர்ப்பேர்தானே ஒழிய ரகத்தின் பேர் இல்லை.

எது வளரும் என்று உண்மையிலேயே தெரியவேண்டுமென்றால் பேச்சை விட்டுவிட்டு ஹாப்பா கட்டுங்கள். ஒரே குட்டையில், ஒரே ஆழத்தில், வலைக்கூடுகள் ஆறு. மூன்றில் குளத்துக் குஞ்சு, மூன்றில் வாங்கின குஞ்சு, மாற்றி மாற்றிக் கட்டுங்கள், நிழலும் காற்றும் ஒரு பக்கத்துக்கே போய்விடக்கூடாது. விடும்போது இரண்டு பக்கமும் ஒரே அளவுக் குஞ்சு, தீவனத்துக்குப் பழக்கி முடித்தபிறகு. எண்ணிக்கையும் தீனியும் ஒன்று. மூன்று மாதம் கழித்து நிறுத்துப் பார்த்தால், மிச்சமிருக்கிற வித்தியாசம் பிறவியில் வந்தது என்று ஓரளவு நம்பலாம். ஒரு குட்டையில் இதையும் இன்னொரு குட்டையில் அதையும் விட்டுவிட்டு ஒப்பிடுகிறார்களே, அது குட்டைகளின் ஒப்பீடு, மீனின் ஒப்பீடு இல்லை. வளைந்த முதுகோடு குஞ்சு வந்தால் உடனே உட்கலப்பு என்று முடிவு கட்டவும் வேண்டாம், தீவனத்தில் வைட்டமின் சி போதாவிட்டாலும் முதுகெலும்பு வளையும்.

டி.என்.ஏ. சோதனை செய்யலாமா என்று இப்போது சிலர் கேட்கிறார்கள். குட்டைக்காரருக்குத் தேவையே இல்லை, அந்தக் காசுக்குத் தீவனம் வாங்கலாம். சங்கமோ கல்லூரியோ தாய்மீன் சேர்க்கிறதென்றால் பிரயோஜனம் உண்டு. வால் துடுப்பில் ஒரு சிறு துண்டு நறுக்கி, கெட்டிச் சாராயத்தில், அதாவது 95 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹாலில் போட்டால் போதும், மீனைக் கொல்ல வேண்டாம், பார்மலினில் போட்டால் காரியம் கெட்டுவிடும். இது விராலா குறவையா வேறொன்றா என்று மட்டும் தெரிய பார்கோடு எனப்படும் சுமார் 650 எழுத்து நீள டி.என்.ஏ. துண்டு போதும், ஆனால் அது தாய்வழி மட்டுமே காட்டும். பக்கத்துப் பக்கத்துக் குளங்களின் உறவைப் பார்க்க மைக்ரோசாட்டிலைட் என்கிற, டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டுகளை ஒப்பிடும் சோதனை வேண்டும், ஒவ்வொரு இடத்திலும் முப்பது மீனாவது வேண்டும், அதுவும் ஒரே சிவப்புக் கூட்டத்திலிருந்து எடுத்த முப்பதாக இருக்கக்கூடாது. பழைய ஆராய்ச்சிகளில் ரேபிட் (RAPD) என்று ஒரு டி.என்.ஏ. முறை நிறைய வரும், மலிவு, வேகம், ஆனால் ஒரு ஆய்வுக்கூடத்தில் வந்த டி.என்.ஏ. பட்டை அடுத்த ஆய்வுக்கூடத்தில் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. அதை வைத்து இரண்டு ஆற்று விரால் இத்தனை சதவீதம் வேறு என்று சொல்லியிருந்தால் நான் அப்படியே நம்பிவிட மாட்டேன்.

ஆக மூடிய குட்டையா, வளர்த்து விற்பதா, தீவனத்துக்குப் பழகிய ஹேட்சரிக் குஞ்சை வாங்குங்கள், ஆந்திராவோ அடுத்த மாவட்டமோ, பதினைந்து நாள் தனியே வைத்துப் பார்த்துவிட்டு விடுங்கள், தாய்மீன் ஒதுக்காதீர்கள். மறுகால் உள்ள குளமா, அதே படுகைத் தாய்மீனில் பொரித்த குஞ்சைத் தவிர வேறெதுவும் வேண்டாம். மறுகால் பத்து வருஷத்துக்கு ஒருதரம்தானே பாயும், என்ன வந்துவிடப்போகிறது என்று சொல்கிறவர்கள் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப் பார்க்கட்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை, ஸ்ரீவைகுண்டம் சுற்றிலும் குளங்கள் உடைந்து, எது குளத்து மீன், எது ஆற்று மீன், எது குட்டையில் வளர்த்த மீன் என்ற பேதமே இல்லாமல் போய்விட்டது. குட்டை வைத்திருந்தவர்களின் வலையும் கரையும் அன்றைக்கு எவ்வளவு நேரம் தாங்கியது என்று கேட்டுப் பாருங்கள். ஆற்றை ஒட்டிய தாழ்வான குட்டையை நான் மூடிய குட்டைக் கணக்கில் சேர்க்கவே மாட்டேன்.

பெரிய குளத்தை ஏலம் எடுத்தவருக்கு ஐந்தாவதாகவும் ஒரு வழி இருக்கிறது, விரால் குஞ்சே வாங்காமலிருப்பது. குளத்துக்குப் பெருங்குஞ்சாக வளர்த்த கட்லா, ரோகுவை விடுங்கள், சின்னக் குஞ்சாக விட்டால் விரால் தின்றுவிடும். கோடையில் தண்ணீர் வற்றி மீன் அள்ளும்போது மடை ஓரத்துப் பள்ளத்தையும், எதிர்க்கரையில் இன்னொரு பள்ளத்தையும் கடைசிவரை இறைத்து வழித்தெடுக்காமல், அரைக் கிலோவுக்கு மேற்பட்ட விரால் ஒரு இருபது முப்பதை இரண்டு இடத்திலுமாகப் பிரித்து விட்டுவையுங்கள். நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய் மீனைக் குளத்திலேயே விட்டுவருவதற்கு மனசு வராது, குத்தகை வேறு இந்த வருஷத்தோடு முடிகிறதென்றால் சுத்தமாக வராது. அதனால் மீன்பாசி ஏலத்தை ஒரு வருஷத்துக்கு விடாமல் மூன்று வருஷமாக விடச்சொல்லி ஊர்க்கூட்டத்தில் கேளுங்கள்.